மலை நாடிச் சென்ற மருத்துவம்

 

உணவு, மருந்து, கல்வி, அடைக்கலம் எனத் தானத்தை நால்வகையாக்கி, ஔடத தானத்துக்குத் தனியிடம் தந்தது சமணம். காரியாசானின் சிறுபஞ்சமூலமும் கணிமேதாவியாரின் ஏலாதியும் மருந்தின் பெயரையே தாங்கி நிற்கின்றன.

வில்லியனூரில் ஒருவர்க்கு நோய் முற்றினால், கோரிமேட்டு ஜிப்மர் மருத்துவமனை எட்டும் தொலைவில் உள்ளது. மலைவாழ் மக்கள் நிலை அதுவன்று. தருமபுரி மாவட்டத்தில் சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு இடைப்பட்டது சிட்லிங்கிப் பள்ளத்தாக்கு. அங்கே ஒருகாலத்தில் பிறந்த குழந்தைகளுள் ஆயிரத்துக்கு 147 பேர் ஓராண்டு நிறையுமுன் மாண்டனர்.

1993இல் மருத்துவ இணையரான ரெஜி ஜார்ஜும் லலிதாவும் அங்குச் சென்று, ஒரு கூரைக் குடிசையில் பணி தொடங்கினர்.

மருத்துவ வண்டி ஒருநாள் வரும், மாலையில் திரும்பிவிடும். காய்ச்சலும் பேறுகால வலியும் நாள் பார்த்து வருவதில்லை. ஆதலின், அவ்விருவரும் மலைவாழ் பெண்களையே செவிலியராகவும் ஊர்தோறும் நலப்பணியாளராகவும் பயிற்றினர். கருவுற்ற தாயின் எடையையும் இரத்த அழுத்தத்தையும் அறிந்து, இடர் தெரிந்தவுடன் மருத்துவமனைக்கு அனுப்பும் பொறுப்பு அவ்வூரார் கைக்கே வந்தது. குழந்தை இறப்பு பின்னர் ஆயிரத்துக்கு ஏறத்தாழ 20 ஆகக் குறைந்தது.

முகாம் நடத்துவோர்க்கும் பொருள் வழங்குவோர்க்கும் இதில் ஒரு பாடம் உண்டு. எத்தனை பேருக்கு மாத்திரை தந்தோம் என்பதோடு கணக்கு முடிவதில்லை. முகாம் முடிந்த மறுநாள் அந்நோயாளியைப் பார்ப்பவர் யார் என்று கேட்டு, அவரை உருவாக்க உதவுவதே நிறைவான ஔடத தானம்.