ரம் தீவின் பெண்மான்கள்



ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால் ரம் என்றொரு தீவு. பரப்பளவு சுமார் நூறு சதுர கிலோமீட்டர். மழையும் காற்றும் ஓயாத மலைப்பாங்கான நிலம். அங்குள்ள செம்மான்களை 1970களின் தொடக்கத்திலிருந்து ஒவ்வொன்றாக அடையாளம் கண்டு பின்தொடர்ந்து வருகிறார்கள். இன்ன மான் என்று பார்த்ததுமே சொல்லிவிடக்கூடிய பியோனா கின்னஸ் போன்றவர்களின் உழைப்பு அது. எந்தத் தாய் எந்த ஆண்டில் ஈன்றது, பிறந்தது ஆணா பெண்ணா, அந்தக் குட்டி வளர்ந்து எத்தனை குட்டிகளுக்குத் தாயோ தகப்பனோ ஆயிற்று என்று தலைமுறை தலைமுறையாக எழுதி வைத்திருக்கிறார்கள்.

அந்தக் கணக்கிலிருந்து ஒரு பழைய கேள்விக்கு விடை தேடினார்கள். பாலூட்டிகளில் தகப்பனின் விந்தணுதான் பாலினத்தை முடிவு செய்கிறது. எக்ஸ் குரோமோசோம் சுமந்த விந்தணு முட்டையோடு சேர்ந்தால் பெண், ஒய் குரோமோசோம் சுமந்தது சேர்ந்தால் ஆண். இரண்டு வகையும் ஏறக்குறையச் சரிபாதியாகவே உருவாகின்றன. அப்படியானால் நாணயத்தைச் சுண்டுவது போல, பாதிக்குப் பாதிதானே பிறக்க வேண்டும்? தாயின் உடல்நிலைக்கு இதில் பங்கே இல்லையா?

இருக்கலாம் என்று 1973இல் ராபர்ட் டிரிவர்ஸும் டான் வில்லார்டும் எழுதினார்கள். செம்மான் வாழ்க்கையை வைத்துப் பார்த்தால் அவர்களுடைய வாதம் எளிதில் விளங்கும். இலையுதிர் காலத்தில் ஆண்மான்கள் கொம்போடு கொம்பு மோதுகின்றன. வென்ற ஆணைச் சுற்றிப் பெண்மான்கள் கூடுகின்றன. அதற்கு ஏராளமான குட்டிகள். தோற்ற ஆணுக்கு வாழ்நாளில் ஒரு குட்டிகூட இல்லாமல் போகலாம். பெண்மானுக்கோ, வலியதாயினும் மெலியதாயினும், ஆண்டுக்கு ஒரு குட்டிதான். ஆகவே நன்றாக மேய்ந்து, நிறையப் பால் கொடுக்கக்கூடிய தாய்க்கு ஆண்குட்டி பிறந்தால் பேரக்குட்டிகள் பெருகும். மெலிந்த தாய்க்குப் பெண்குட்டியே பாதுகாப்பு.

1984இல் டிம் கிளட்டன்-பிராக்கும் அவருடைய குழுவினரும் ரம் தீவின் கணக்கை வெளியிட்டார்கள். நல்ல புல்லிருக்கும் இடத்திலிருந்து மற்ற மான்களை விரட்டும் செல்வாக்குள்ள தாய்களுக்கு ஆண்குட்டிகள் கூடுதலாகப் பிறந்திருந்தன. அடங்கிப்போகும் தாய்களுக்குப் பெண்குட்டிகள் கூடுதல். ஆண்குட்டியை வளர்ப்பது தாய்க்குப் பெரும் செலவு என்பதும் தெரிந்தது. ஆண்குட்டிக்குப் பாலூட்டிய தாய் அடுத்த ஆண்டு சினை பிடிக்காமல் போவது அதிகம்.

இத்தோடு ஆய்வு நின்றிருந்தால் அழகான பாடநூல் உதாரணமாக முடிந்திருக்கும். ஆனால் அவர்கள் நிறுத்தவில்லை. ஆய்வுப் பகுதியில் வேட்டை நிறுத்தப்பட்டதால் மான்கள் பெருகின. ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் புல் குறைந்தது. 1999இல் லூஸ்கே குரூக் தலைமையில் வெளிவந்த ஆய்வு புதிய நிலையைச் சொன்னது. நெரிசல் கூடிய ஆண்டுகளிலும், குளிர்கால மழை மிகுந்த ஆண்டுகளிலும் ஆண்குட்டிகளின் பங்கு குறைந்தது. செல்வாக்குள்ள தாய்க்கும் ஆண்குட்டிக்கும் இருந்த தொடர்பு மறைந்தே போயிற்று. பசியில் வாடும் தாயின் வயிற்றில் ஆண்கருக்கள் அதிகம் அழிகின்றன என்பதே பொருத்தமான விளக்கம். தங்களுடைய புகழ்பெற்ற முடிவையே கால் நூற்றாண்டுக் கணக்கை வைத்து மறுபடி சோதித்த இந்த நேர்மையை நான் பெரிதும் மதிக்கிறேன்.

கருவிழப்பு எவ்வளவு தூரம் போகக்கூடும் என்பதற்கு இன்னொரு சான்று உண்டு. தோலுக்காகத் தென் அமெரிக்காவிலிருந்து இங்கிலாந்துக்குக் கொண்டுவரப்பட்ட கொய்ப்பு என்ற பெரிய கொறிவிலங்கை மாரிஸ் காஸ்லிங் ஆராய்ந்தார். நல்ல உடல்கட்டுள்ள இளம் தாய், வயிற்றில் சில குட்டிகளே இருந்து அவையும் பெரும்பாலும் பெண்களாக இருந்தால், கர்ப்பத்தின் நடுவிலேயே கலைத்துவிடுவதை 1986இல் அவர் காட்டினார். சில ஆண்குட்டிகளே இருந்தாலோ, அந்தச் சூலைச் சுமந்து ஈன்றுவிடுகிறது.

கருத்தரிக்கும் வேளையில் தாயின் இரத்தத்திலுள்ள குளுக்கோஸும் குட்டிகளின் பாலின விகிதத்தைப் பாதிக்கலாம். எலிகளுக்கு அந்த நேரத்தில் மருந்து கொடுத்துக் குளுக்கோஸைக் குறைத்தபோது, ஆண்குட்டிகள் குறைந்தன. இருந்தாலும் எல்லா விலங்குக்கும் ஒரே விதி கிடையாது. ஆப்பிரிக்காவின் கலாகோ என்ற சிறு இரவுவிலங்கில் மகள்கள் தாயின் பக்கத்திலேயே தங்கி, அதே உணவுக்குப் போட்டியிடுகின்றன. மகன்கள் விலகிப் போய்விடுகின்றன. அங்கே ஆண்குட்டிகளே அதிகம் பிறப்பதை ஆன் கிளார்க் 1978இல் எழுதினார்.

மனிதரில் 100 பெண் குழந்தைகளுக்குச் சுமார் 105 ஆண் குழந்தைகள் பிறக்கின்றன. கரு உண்டாகும்போது இரண்டும் சமம் என்றும், கர்ப்ப காலம் முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் பெண்கருக்களின் இழப்பே சற்று அதிகம் என்றும் 2015இல் வெளிவந்த விரிவான ஆய்வு சொல்கிறது.

நான் சொன்னவையெல்லாம் பல நூறு பிறப்புகளைக் கூட்டிப் பார்த்தால் மட்டும் தென்படும் சிறிய சாய்வுகள். எந்த ஒரு தாயின் எந்த ஒரு பிள்ளைப்பேற்றுக்கும் இவை காரணம் சொல்லாது. இதைச் சாப்பிட்டால் ஆண் பிறக்கும் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். பெண் பெற்றவள் என்று உங்கள் வீட்டில் ஒருத்தியைக் குறை சொல்லும் பேச்சு எழுந்தால், அந்த இடத்திலேயே மறுத்துப் பேசுங்கள்.