மலைச்சரிவே பாடப்புத்தகம்

வனவியல் படித்தால் என்ன வேலை கிடைக்கும்? தோட்டப்புறப் பெற்றோர் முதலில் கேட்கும் கேள்வி இதுதான்.

இந்தியாவில் வனப்பணி, ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ். போலவே அகில இந்தியப் பணி. அதன் முதன்மைத் தேர்வில் வனவியலை விருப்பப் பாடமாக எடுக்கலாம். இரண்டு தாள்கள், தாளுக்கு 200 மதிப்பெண். மரம் வளர்ப்பு, மண் பாதுகாப்பு, நீர்ப்பிடிப்புப் பகுதி மேலாண்மை, வனச் சட்டம் எல்லாம் அதில் உண்டு. பலர் இவற்றை மனப்பாடம் செய்தே தேர்வுக்குப் போகிறார்கள். மனப்பாடம் மதிப்பெண் தரலாம். பதவியில் அமர்ந்தபின் கைகொடுக்காது.

ஏன் என்பதைத் திரிங்காப் வட்டாரத்திலேயே பார்க்கலாம். செங்குத்தான சரிவுகளில் காய்கறித் தோட்டங்கள். மரங்கள் போன இடத்தில் மழை மண்ணை அரிக்கிறது. கேமரன் மலை ஆறுகள் சுமந்துவரும் மண், 1963-இல் கட்டப்பட்ட சுல்தான் அபு பாக்கார் அணையின் ரிங்லெட் ஏரியில் படிகிறது. ஏரி தூர்ந்தால் பெருமழையைத் தாங்கும் இடம் குறையும். 2013 அக்டோபரில் கனமழையின்போது அணை நீர் திறந்துவிடப்பட்டது. பெர்த்தாம் பள்ளத்தாக்கில் உயிர்கள் பலியாயின. 'நீர்ப்பிடிப்புப் பகுதி' என்ற பாடத்திற்கு இதைவிட விளக்கம் வேண்டுமா?

மலேசியாவில் காடுகள் மாநில அரசுகளின் அதிகாரத்தில் உள்ளவை. அவற்றைக் காக்க, படித்த அதிகாரிகள் தேவை. செர்டாங்கில் உள்ள மலேசியப் புத்ரா பல்கலைக்கழகத்தில் வனவியல் பட்டப்படிப்பு இருக்கிறது. அதில் சேரும் மலைத்தோட்டத்துப் பிள்ளைக்கு ஒரு பலம் உண்டு. மற்றவர்கள் ஏட்டில் படிக்கும் மண்ணரிப்பை அது வீட்டு வாசலிலேயே பார்த்து வளர்ந்திருக்கிறது. கண்டதைப் பாடத்தின் சொற்களில் எழுதப் பழகினால் போதும். தேர்வும் கைகூடும், மலையும் பிழைக்கும்.