அந்தப் பிள்ளையை உள்ளே விட்டது யார்?

நடுவர் அவர்களே, அமெரிக்காவில் எளிய மனிதனைக் காத்தது மாநில அரசா, வாஷிங்டனில் இருக்கும் மத்திய அரசா? மத்திய அரசுதான் என்று அடித்துச் சொல்ல வந்திருக்கிறேன். மாநில உரிமை என்றாலே அரங்கில் கைதட்டல் விழும் என்று எதிரணிக்குத் தெரியும். அதனால்தான் அந்தச் சொல்லை அவர்கள் கீழே வைக்கவே இல்லை.

எனக்கு முன்னால் பேசிய சகோதரி, பெண்களுக்கு 1869-லேயே வாக்குரிமை கொடுத்தது வயோமிங் என்று முழங்கினார். அம்மா, 1869-ல் வயோமிங் மாநிலமே கிடையாது! வாஷிங்டன் நியமித்த ஆளுநரின் கீழ் இருந்த பிரதேசம். மாநிலமானது 1890-ல். உங்கள் முதல் சாட்சியே எங்கள் பக்கத்து ஆள்! எத்தனையோ மாநிலங்களில் பெண்கள் 1920-ல் அரசியலமைப்பின் 19-ஆம் திருத்தம் வரும்வரை காத்துக் கிடந்தார்களே, அதற்கு யார் பதில் சொல்வது?

லிட்டில் ராக் நகரத்துக்கு வருகிறேன். ஆர்கன்சா மாநிலம், 1957 செப்டம்பர் 4. எலிசபெத் எக்ஃபோர்டு, கறுப்பினச் சிறுமி, வயது 15. வெள்ளைப் பிள்ளைகள் மட்டுமே படித்த சென்ட்ரல் உயர்நிலைப் பள்ளியில் இடம் கிடைத்த ஒன்பது பேரில் ஒருத்தி. முதல் நாளுக்கென்று தானே தைத்த உடுப்பு. எல்லோரும் சேர்ந்து போக ஏற்பாடாகியிருந்தது. இவள் வீட்டில் தொலைபேசி இல்லை, சேதி வந்து சேரவில்லை. தனியாகப் போனாள். வாசலில் துப்பாக்கியோடு சிப்பாய்கள். தன்னைக் காக்கத்தான் நிற்கிறார்கள் என்று நம்பி நெருங்கினாள் அந்தப் பிள்ளை. வழி மறித்தார்கள். பின்னால் வெறிக்கூச்சல் போடும் கூட்டம். அதைக் கடந்து நடந்து, பேருந்து நிறுத்தத்துப் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள்.

அந்தச் சிப்பாய்களை நிறுத்தியது யார்? ஆளுநர் ஆர்வல் ஃபாபஸ். அங்கே ஆளுநர் என்றால் மக்கள் ஓட்டுப் போட்டு உட்காரவைத்த மாநிலத் தலைவர். பள்ளியில் நிறப் பிரிவினை கூடாது என்று 1954-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியாகிவிட்டது. ஆனாலும் மாநில உரிமை துப்பாக்கி ஏந்தி நின்றது, ஒரு பள்ளிப் பிள்ளைக்கு எதிராக!

அதிபர் ஐசனோவர் 101-ஆவது வான்குடைப் படையை அனுப்பினார். ஆளுநரின் கையிலிருந்த படையையும் தன் உத்தரவின் கீழ் எடுத்துக்கொண்டார். செப்டம்பர் 25-ல் ஒன்பது பிள்ளைகளும் ராணுவக் காவலோடு படியேறினார்கள். அடுத்த ஆண்டு ஃபாபஸ் என்ன செய்தார் தெரியுமா? நகரத்து உயர்நிலைப் பள்ளிகளையே இழுத்து மூடினார். வெள்ளைப் பிள்ளையின் படிப்பு கெட்டாலும் சரி, கறுப்புப் பிள்ளை பக்கத்தில் உட்காரக் கூடாது!

மக்களுக்கு அருகில் இருக்கும் அரசுதான் மக்களை அறியும் என்றார் எதிரணித் தலைவர். அறியும், ஐயா! யார் வீட்டுப் பிள்ளை, எந்தத் தெரு, என்ன நிறம், எல்லாம் அறியும். அறிந்துதான் வாசலில் மறித்தது.

இவர்கள் மாநில உரிமையின் தாய்வீடாகக் காட்டும் தென் கரோலினா, 1860-ல் நாட்டை விட்டுப் பிரிந்தபோது எழுதிய பிரகடனத்தைப் படியுங்கள். தப்பியோடிய அடிமைகளை வட மாநிலங்கள் பிடித்துத் தரவில்லை என்று புலம்புகிறது. வட மாநிலம் தன் உரிமையைக் காட்டினால் மட்டும் குற்றமா?

மிசிசிப்பியில் வாக்களிக்கும் வயதுள்ள கறுப்பினத்தவரில் வாக்காளர் பட்டியலில் இருந்தவர்கள் சுமார் 7 சதவீதம்தான். 1965-ல் மத்திய அரசு வாக்குரிமைச் சட்டம் கொண்டுவந்தது. இரண்டே ஆண்டில் அது 60-ஐ நெருங்கியது. பல தலைமுறையாக மாநிலம் மனம் வைத்திருந்தால் முடிந்திருக்காதா?

அதெல்லாம் பழைய கதை என்பார்கள். அந்தச் சட்டப்படி, முன்பு பாகுபாடு காட்டிய மாநிலங்கள் தேர்தல் விதிகளை மாற்றுமுன் மத்திய அரசின் ஒப்புதல் பெற வேண்டியிருந்தது. 2013 ஜூன் 25-ல் உச்ச நீதிமன்றம் அந்தக் கடிவாளத்தை அறுத்தது. மத்திய நீதிமன்றம் தடுத்து வைத்திருந்த வாக்காளர் அடையாள அட்டைச் சட்டத்தை அமலாக்குவதாக டெக்சாஸ் அறிவித்தது. எப்போது? அன்றைக்கே! மறுநாள் விடியும்வரைகூடப் பொறுக்கவில்லை, நடுவர் அவர்களே!