சுவர் தெரியாத பக்கம்

(மாணவர் வாசிப்பு வட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்னைக்கு ஒரு தோட்டத்தைப் பத்திப் பேசப்போறேன். சாதி ஒழிப்பு பேசுற இடத்தில் பூச்செடிக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். கேளுங்க. போகும்போது எனக்கும் அந்தக் கேள்வி இருந்தது.

இங்கிலாந்தில், லீட்ஸ் நகரத்துக்கு வடக்கே ஹேர்வுட் மாளிகை இருக்கிறது. லீட்ஸில் படிக்கிற நம்ம பிள்ளை ஒருத்தர் 36ஆம் நம்பர் பஸ்ஸில் கூட்டிப் போனார். சீட்டு வாங்கி உள்ளே நுழைந்தால் கண்ணுக்கெட்டிய தூரம் பச்சை. சரிவு, சரிவுக்குக் கீழே ஏரி, ஏரிக்கு அப்பால் மரக்கூட்டம், நடுவே மேய்கிற ஆடுகள். இயற்கை என்று நினைத்தால் ஏமாந்து போவோம். அத்தனையும் 'கேப்பபிலிட்டி' பிரௌன் என்று பேர் வாங்கிய தோட்டக் கலைஞர் 18ஆம் நூற்றாண்டில் போட்டுக் கொடுத்த திட்டம். ஓடையை மறித்துத்தான் அந்த ஏரி. பழைய ஊர் பூங்காவுக்குள் கரைந்து போனது. ஊர்க்காரர்களுக்கு வாசலுக்கு வெளியே வரிசை வீடுகள் எழும்பின. பிரபு சன்னலைத் திறந்தால் பார்வையில் எதுவும் இடிக்கக் கூடாது, மனுசன் உட்பட.

அழகா இருந்ததா என்று கேட்டால், இருந்தது. இதை மறைச்சுட்டு உங்க முன்னாடி கோபமா மட்டும் பேசினா அது பொய். ஒரு மரத்தடியில் உட்கார்ந்து, வாழ்நாள் முழுக்க இங்கேயே இருந்துவிடலாம் போல ஒரு நினைப்பு வந்தது. அடுத்த நிமிஷமே எங்க ஆயா ஞாபகம் வந்தது. ஆயா ஒரு மிராசு வீட்டுப் பண்ணையாள். நாப்பது வருஷம் அந்த வீட்டுக் கொல்லையில் சாணி அள்ளினார், நெல் புடைத்தார், களை பறித்தார். வாசலில் ரோஜாச்செடி வச்சிருக்காங்களாம் என்பார். 'இருக்காங்களாம்'தான். முன்பக்கம் போய்ப் பார்த்ததில்லை.

சரி, ஹேர்வுட்டுக்கு வருவோம். இந்த மாளிகையை 1759இல் தொடங்கிக் கட்டியவர் எட்வின் லாசல்ஸ். அவருடைய அப்பா ஹென்றி லாசல்ஸ், கரீபியன் கடலில் உள்ள பார்படோஸ் தீவில் சுங்க அதிகாரியாக இருந்தவர். சர்க்கரை, அடிமை வியாபாரம், கரும்புத் தோட்டக்காரர்களுக்கு வட்டிக்குக் கடன், இதுதான் குடும்பத் தொழில். கடன் திரும்பாதபோது தோட்டம் கைக்கு வரும். தோட்டத்தோடு அதில் வேலை செய்கிற ஆப்பிரிக்க மனிதர்களும் சொத்தாக வருவார்கள். பத்திரம் எழுதி வாங்கி நிலத்தை அமுக்குகிற வித்தை நமக்குத் தெரியாததா?

1833இல் பிரிட்டன் அடிமை ஒழிப்புச் சட்டம் போட்டது. அதற்கு நட்டஈடாக 2 கோடி பவுண்டு ஒதுக்கியது. யாருக்கு? அடிமைகளுக்கு இல்லை, உடைமையாளர்களுக்கு. ஹேர்வுட் பிரபு 1,277 மனிதர்களை 'இழந்ததற்காக' 26 ஆயிரம் பவுண்டுக்கு மேல் வாங்கினார். அந்த மனிதர்களுக்குக் கிடைத்தது, கூடச் சில வருஷம் 'பயிற்சியாளர்' என்ற பேரில் அதே எசமானிடம் உழைப்பு. நட்டஈட்டுக்காக வாங்கிய கடனை அரசு அடைத்து முடித்தது 2015இல். பிரிட்டனில் வாழும் அடிமைகளின் பேரப்பிள்ளைகளும் வரி கட்டி, எசமானுக்குக் கொடுத்த நட்டஈட்டை அடைத்திருக்கிறார்கள்!

1840களில் மாளிகைக்குப் பின்னால் பெரிய மேடைத் தோட்டம் கட்டினார்கள். நீரூற்று, கத்தரித்த செடிகளில் கோலம் மாதிரி வளைவுகள். எந்தப் பணம் எந்தக் கல்லில் போச்சு என்று பிரித்துச் சொல்ல நான் அந்த வீட்டுக் கணக்குப்பிள்ளை இல்லை.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இப்போதைய குடும்பம் இதை மறைக்கவில்லை. அடிமைகளின் கணக்குகள் உள்ள காகிதங்கள் யார்க் பல்கலைக்கழகத்தின் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. டேவிட் ஹேர்வுட் என்ற கறுப்பின நடிகரின் முன்னோர் இந்தக் குடும்பத்தின் தோட்டத்தில் அடிமைகளாக இருந்தவர்கள். அந்தப் பேரே அங்கிருந்து ஒட்டியது. 2023இல் அவர் படத்தை மாளிகைக்குள் மாட்டினார்கள். போதுமா என்றால் போதாது. ஆனால் நம்ம ஊரில் பழைய பெரிய வீடுகளை விடுதியாக்கி வாடகைக்கு விடுகிறார்களே, அப்படி ஒன்றில் போய்க் கேட்டேன், இங்கே பண்ணையாட்கள் பேர் எழுதின கணக்கு இருக்குமா என்று. இளநீர் கொடுத்து அனுப்பி வைத்தார்கள். 1843லேயே இந்தியாவில் அடிமை முறை செல்லாது என்று சட்டம் வந்துவிட்டது. ஆயா காலம் வரைக்கும் பண்ணையாள் பண்ணையாளாகத்தான் இருந்தார். 1873இலேயே பூலே தன் 'குலாம்கிரி'யை, அடிமைத்தனத்தை ஒழித்த அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். இந்த இரண்டு வரலாறுகளையும் சேர்த்து வாசிக்கணும் என்பது நான் புதுசாக் கண்டுபிடித்த விஷயம் இல்லை.

ஏரிக்கு அந்தப் புறம் இமயமலைச் செடிகளுக்கு ஒரு தோட்டம். அதில் பூட்டான் பிக்குகள் 2004இல் கட்டிய ஸ்தூபி. அம்பேத்கரால் புத்தரிடம் வந்தவன் நான். கை தன்னாலே கூப்பியது. பிரபு வீட்டுத் தோட்டத்தில் புத்தருக்கு என்ன வேலை என்று கொஞ்சம் எரிச்சலும் வந்தது. இரண்டும் சேர்ந்தேதான் வந்தது.

திரும்பும்போதுதான் அந்தச் சுவரைப் பார்த்தோம். இந்த மாதிரித் தோட்டங்களில் 'ஹா-ஹா' என்று ஒன்று உண்டு. பள்ளம் தோண்டி, மாளிகைப் பக்கத்தில் மட்டும் செங்குத்தாகச் சுவர் வைத்து, எதிர்ப்பக்கம் சரிவாக விட்டுவிடுவார்கள். மேலே நிற்கிறவருக்குப் புல்வெளி ஒரே விரிப்பாக ஓடும். சுவர் கண்ணில் படாது. ஆடு மட்டும் தாண்டி வர முடியாது. உத்தபுரத்தில் 2008இல் ஒரு பகுதி இடிக்கப்பட்ட சுவர் ஊருக்கே தெரிகிற சுவர். இது அப்படி இல்லை. "எங்கேப்பா சாதி இருக்கு, இப்பெல்லாம் யார் பாக்குறா?" என்று கல்லூரியில் உங்களைக் கேட்கிறவர் பொய் சொல்வதாக இவ்வளவு நாள் நினைத்திருந்தேன். அவர் நிற்கிற இடத்திலிருந்து அது நிஜமாகவே தெரியாமல் இருக்கலாம்.

அந்தத் தம்பி படம் எடுக்கணும் என்றார். மேலே நின்றால் மாளிகை, ஏரி எல்லாம் வரும் என்றார். நான் பள்ளத்தில் இறங்கிட்டேன். புல் ஈரம், செருப்பு வழுக்கியது. பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று அவசரமாக ஒன்று எடுத்தார். அந்தப் படத்தில் நான் இருக்கேன், எனக்குப் பின்னாடி கல் சுவர் இருக்கு. மாளிகை விழவில்லை.