2.44-க்கும் 2.57-க்கும் நடுவில் எட்டு நாள்

போன எபிசோடில் சம்பளத்தைப் பற்றிப் பேசினோம். இன்னைக்கு அதே சம்பளத்துக்காக வேலையை நிறுத்துறதைப் பற்றி. நம்ம ஊர்க் கதையிலிருந்தே தொடங்குறேன்.

2018 ஜனவரி 4, வியாழக்கிழமை. நான் அப்போ இன்ஜினியரிங் கடைசி வருஷம். காலேஜ் விழுப்புரம், வீடு திண்டிவனம். லேப் முடிச்சுட்டு புது பஸ் ஸ்டாண்டுக்கு வந்தால், அரசு பஸ்ஸை எல்லாம் டெப்போவுக்குத் திருப்பிக்கிட்டிருக்காங்க. மாநிலம் முழுக்க ஸ்ட்ரைக். நான் நேரா ஒரு கண்டக்டர்கிட்ட போய், "அண்ணே, நாங்க என்ன பாவம் பண்ணோம்?"னு கேட்டேன். அவர் கோபப்படலை. "தம்பி, படிக்கிற பையன்தானே? 2.44, 2.57 ரெண்டுக்கும் வித்தியாசத்தைப் போட்டுப் பாரு"ன்னார். எனக்கு அப்போ கணக்குப் போடுற மனநிலை இல்லை. ஒரு டாடா ஏஸ் பின்னாடி நின்னுக்கிட்டே விக்கிரவாண்டி தாண்டி வந்து சேர்ந்தேன். வழியெல்லாம் திட்டினேன்.

கணக்கை அப்புறம் போட்டேன். ஏழாவது ஊதியக் குழுவை ஒட்டி, தமிழக அரசு தன் ஊழியர்களோட அடிப்படைச் சம்பளத்தை 2.57-ஆல் பெருக்கிக் கொடுத்தது. அதுவே எங்களுக்கும் வேணும்னு போக்குவரத்துத் தொழிலாளர்கள் கேட்டாங்க. அரசு 2.44 தர்றேன்னு சொல்லி, சில சங்கங்களோட கையெழுத்தும் போட்டது. பழைய அடிப்படைச் சம்பளம் 10,000 ரூபாய்னு வைங்க. ஒண்ணில் 25,700, இன்னொண்ணில் 24,400. மாசம் 1,300 ரூபாய். அரசுத் துறை ஜீப்பை ஓட்டுறவருக்கு ஒரு எண், அறுபது பேரை ஏத்திக்கிட்டு பஸ் ஓட்டுறவருக்கு வேற எண். அது போக, ஓய்வு பெற்றவங்களுக்கான நிலுவை வந்து சேரலைங்கிறதும், சம்பளத்தில் பிடிச்ச பணத்தை உரிய இடத்தில் கட்டாமல் அன்றாடச் செலவுக்குத் திருப்பிட்டாங்கங்கிறதும் சங்கங்களோட பெரிய குற்றச்சாட்டு. 1,300 ரூபாயை விட அதுதான் அவங்களைச் சுட்டிருக்கும்னு எனக்குத் தோணுது.

வேலைக்குத் திரும்புங்கன்னு சென்னை உயர் நீதிமன்றம் சொன்ன பிறகும் ஸ்ட்ரைக் தொடர்ந்தது. தற்காலிக டிரைவர்களை வெச்சு பஸ் ஓட்டினாங்க. கடைசியில் ஓய்வு பெற்ற நீதிபதி ஈ. பத்மநாபன் சமரசம் பேசுவார்னு முடிவாகி, பொங்கலுக்கு முன்னாடி, 11-ஆம் தேதி ராத்திரி வாபஸ்.

அந்த எட்டு நாளும் எவ்வளவு தைரியமான விஷயம்னு புரியணும்னா 2003-க்குப் போகணும். அந்த ஜூலையில் வேலைநிறுத்தம் செய்த சுமார் 1.7 லட்சம் அரசு ஊழியர்களையும் ஆசிரியர்களையும் அரசு டிஸ்மிஸ் பண்ணிச்சு. வழக்கு உச்ச நீதிமன்றம் போச்சு. பெரும்பாலானவங்களுக்கு வேலை திரும்பக் கிடைச்சது. ஆனால் ஆகஸ்ட் 6 தீர்ப்பில், அரசு ஊழியர்களுக்கு வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமையும் இல்லை, சட்ட உரிமையும் இல்லை, தார்மீக உரிமையும் இல்லைன்னு நீதிமன்றம் சொல்லிடுச்சு. அந்த மூணாவதுதான் எனக்கு இன்னும் உறுத்துது. தார்மீகத்தை நீதிமன்றம் எப்படி அளந்ததுன்னு தெரியலை.

சரி, நிறுத்தாமல் மெதுவா வேலை செய்யலாமே? அதுக்கும் வழி அடைச்சிருக்கு. வேணும்னே மெதுவா வேலை செய்றது 'நேர்மையற்ற தொழில் நடைமுறை'ன்னு பழைய தொழில் தகராறு சட்டத்தோட அஞ்சாவது அட்டவணையிலேயே இருந்தது. மிச்சம் இருக்கிறது சட்டப்படி வேலை. எட்டு மணி நேரத்துக்கு மேல ஸ்டியரிங் பிடிக்க மாட்டேன், வைப்பர் ஓடலைன்னா, பிரேக் சரியில்லைன்னா வண்டியை எடுக்க மாட்டேன். விதியை அப்படியே கடைப்பிடிச்சால் வேலை நின்னுடும்னா, தினமும் எத்தனை விதியை மீறி அந்த வண்டி ஓடுதுன்னு யோசிங்க. சாப்ட்வேர்ல இருக்கிறவங்க சிரிக்காதீங்க. ஒன்பது மணி நேரம் மட்டும் வேலை செய்வோம்னு எங்க டீம்ல எல்லாரும் முடிவெடுத்தால் ஒரு ரிலீஸ்கூட வெள்ளிக்கிழமை போகாது. 2020 தொழில் உறவுச் சட்டத் தொகுப்பின்படி, பாதிப் பேர் பேசி வெச்சு ஒரே நாளில் கேஷுவல் லீவ் போட்டாலே அது ஸ்ட்ரைக்.

ஆனால் டாடா ஏஸ்ல நான் திட்டினது முழுக்கத் தப்புன்னு இப்பவும் சொல்ல மாட்டேன். என்கூட நின்னது சித்தாள் வேலைக்குப் போய்ட்டு வர்ற அக்காக்கள். கார் வெச்சிருக்கிறவருக்கு அந்த எட்டு நாள் ஒண்ணுமே ஆகலை. அதே 2018-ல் ஜப்பானில் ஒகயாமா நகரத்து ரியோபி பஸ் டிரைவர்கள் வேற மாதிரி போராடினாங்க. பஸ்ஸை ஓட்டினாங்க, காசு மட்டும் வாங்கலை! நட்டம் நேரா முதலாளிக்கு. இங்கே டிக்கெட் கொடுக்காத கண்டக்டர் மேல முறைகேடுன்னு நடவடிக்கை வரும், அவர் தனியா மாட்டிக்குவார். பயணிகள் கூட நின்னால் கதை மாறுமோ என்னவோ.

ஸ்ட்ரைக் முடிஞ்சு பத்து நாள்கூட ஆகலை, ஜனவரி 20-ல் பஸ் கட்டணம் ஏறிச்சு. "ஸ்ட்ரைக் பண்ணாங்க, அதான் டிக்கெட் ஏறிச்சு"ன்னு டீக்கடையில் பேச்சு. மாணவர்கள் பல ஊரில் ரோட்டில் உட்கார்ந்தாங்க. நானும் கிளாஸை கட் அடிச்சுட்டு உட்கார்ந்தேன். அன்னைக்கு பஸ்ஸை மறிச்சது நாங்க. உள்ளே இருந்த ஒரு கண்டக்டர் இறங்கி, நிழல்ல நின்னு, நாங்க முடிக்கிற வரைக்கும் பொறுமையா டீ குடிச்சார்.

அடுத்த எபிசோடில் விழுப்புரத்திலிருந்து ரயிலேறி புதுச்சேரிக்குப் போறோம். 1936 ஜூலை 30, மில் தொழிலாளர்கள் மேல பிரெஞ்சுப் போலீஸ் சுட்டு 12 பேர் இறந்த நாள். உங்க வீட்டில் மில் வேலைக்குப் போன தாத்தா, பாட்டி யாராவது இருந்தால் அவங்ககிட்ட கேட்டு, ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க.