கூட்டிக்கொண்டு வந்தவர்கள்

வானொலி மறையுரை: பொதுக்காலம் 23ஆம் ஞாயிறு
நற்செய்தி: மாற்கு 7:31-37



காது கேளாத, திக்கிப் பேசும் ஒருவரை இயேசு நலமாக்கியதை இன்றைய நற்செய்தியில் கேட்டோம். “எப்பத்தா” என்ற சொல் நமக்குப் புதிதல்ல. திறக்கப்படு என்பது அதன் பொருள். திருமுழுக்குச் சடங்கில் குழந்தையின் காதையும் வாயையும் தொட்டுச் செபிப்பது இந்த நிகழ்ச்சியை நினைவுகூர்ந்துதான். ஆனால் அந்தச் சொல் ஒலிப்பதற்கு முன்னால் இரண்டு காரியங்கள் நடக்கின்றன. அவசரத்தில் அவற்றைக் கடந்து போய்விடுகிறோம்.

முதலாவது, அந்த மனிதர் தானாக வரவில்லை. சிலர் அவரைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். அவருக்காக மன்றாடியதும் அவர்கள்தான். அவர்களுடைய பெயரை மாற்கு எழுதவில்லை. அவர்கள் மட்டும் வாய் திறக்காதிருந்தால், அவர் தெக்கப்பொலியில் ஏதோ ஒரு திண்ணையிலேயே உட்கார்ந்திருப்பார்.

இரண்டாவது, இயேசு அவரைக் கூட்டத்திலிருந்து தனியே அழைத்துப் போகிறார். காதுகளில் விரலை வைக்கிறார், நாவைத் தொடுகிறார், வானத்தை அண்ணாந்து பார்க்கிறார், பெருமூச்சு விடுகிறார். இவையெல்லாம் கண்ணால் பார்த்தும் தொட்டு உணர்ந்தும் புரிந்துகொள்ளக்கூடியவை. காது கேளாதவரிடம் ஆண்டவர் முதலில் கைகளால் பேசினார். வாய்ச்சொல் அதற்குப் பிறகே வந்தது.

இதை நாங்கள் குருமடத்தில் படித்தோம், தேர்வும் எழுதினோம். ஆனால் இதன் பொருளை எங்களுக்குக் கற்றுத் தந்தவர் பங்கில் தையல் வேலை செய்யும் ஒரு தாய்.

சில ஆண்டுகளுக்கு முன், ஜூன் மாதம், ஆறு வயது மகனைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் பங்கு இல்லத்துக்கு வந்தார். பையனுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. “சாமி, நம்ம பள்ளிக்கூடத்துல இவனைச் சேத்துக்குங்க” என்றார். தலைமையாசிரியரோடு பேசினோம். இவனுக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை, மற்றப் பிள்ளைகளின் படிப்பும் கெடும் என்று முடிவு செய்தோம். “செபம் பண்ணுங்கம்மா, ஆண்டவர் வழிகாட்டுவார்” என்று சொல்லி, தலையில் கைவைத்து ஆசீர் கொடுத்து அனுப்பினோம். அன்று இரவு எங்களுக்கு நிம்மதியான தூக்கம் வந்தது.

அடுத்த மே மாதம் அவர் மறுபடி வந்தார். கையில் ஒரு மஞ்சப்பை. அதற்குள் காது பரிசோதனை அறிக்கை, மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, தேதியிட்ட விண்ணப்பம், அதன் நகல் எல்லாம் அடுக்கி வைத்திருந்தார். “சாமி, சேத்துக்க முடியும்னா சேத்துக்குங்க. முடியாதுன்னா, முடியாதுன்னு எழுதி, முத்திரை போட்டுக் கொடுங்க” என்றார். குரலை உயர்த்தவில்லை.

பேனாவை எடுத்தோம். எழுத முடியவில்லை. எழுதக் கூசும் ஒன்றை நாங்கள் வாயால் எவ்வளவு எளிதாகச் சொல்லியிருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது. பையனைச் சேர்த்துக்கொண்டோம். ஆனால் இடையில் போன அந்த ஒரு வருடத்தை எங்களால் அவனுக்குத் திருப்பிக் கொடுக்க முடியாது.

அன்பானவர்களே, இதே ஏழாம் அதிகாரத்தில், இந்த நிகழ்ச்சிக்குச் சற்று முன்னால், சிரிய பெனிசிய இனத்துப் பெண் ஒருவர் மகளுக்காக இயேசுவின் காலில் விழுகிறார். தட்டிக்கழிப்பதுபோல் வந்த பதிலுக்கும் அவர் பின்வாங்கவில்லை, பதிலுக்குப் பதில் பேசினார். ஆண்டவர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. அவர் சொன்ன வார்த்தைக்காகவே மகளுக்கு நலம் தந்தார். பிள்ளைக்காக வாதாடுவது விசுவாசக் குறைவு அல்ல. அதுவும் செபமே.

காது கேளாத பிள்ளைகளைப் பெற்றவர்களே, நீங்கள் கேட்பது தயவு அல்ல, உரிமை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் இதைத் தெளிவாகச் சொல்கிறது. 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு உள்ளதாகச் சான்று பெற்ற பிள்ளைக்கு, 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உண்டு. அது அருகிலுள்ள பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்று தேர்ந்தெடுக்கும் உரிமையும் உண்டு. இது 31ஆம் பிரிவு. அரசு நிதியோ அங்கீகாரமோ பெற்ற பள்ளிகள் பாகுபாடின்றிச் சேர்க்க வேண்டும், காது கேளாத பிள்ளைக்கு ஏற்ற மொழியிலும் முறையிலும் கற்பிக்க வேண்டும் என்பது 16ஆம் பிரிவு. தேர்வில் கூடுதல் நேரம், இரண்டாம் மூன்றாம் மொழிப்பாடங்களிலிருந்து விலக்கு ஆகியவை 17ஆம் பிரிவில் வருகின்றன.

எப்படிக் கேட்பது? அந்தத் தாய் செய்ததைத்தான் நாங்களும் சொல்கிறோம். எல்லாத் தாள்களையும் ஒரே கோப்பில் வையுங்கள். வாயால் கேட்டதை எழுத்திலும் கேளுங்கள். தேதி போடுங்கள், நகல் எடுங்கள், பெற்றுக்கொண்டதாகக் கையொப்பம் வாங்குங்கள். “என் பிள்ளையைக் கவனித்துக்கொள்ளுங்கள்” என்று பொதுவாகச் சொல்லாமல் இன்னது வேண்டும் என்று சொல்லுங்கள்: முன் வரிசையில் இடம், கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே பேசாமல் பிள்ளையின் முகத்தைப் பார்த்துப் பேசும் ஆசிரியர், பாடக் குறிப்பு எழுத்தில், வட்டார வள மையத்திலிருந்து சிறப்பாசிரியர். பள்ளியில் பதில் இல்லையென்றால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் இருக்கிறது, ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாள் இருக்கிறது, அதற்கும் மேலே மாநில ஆணையர் இருக்கிறார்.

இன்னொன்று. “இவன் தாய்மாமன்கூட நாலு வயசுலதான் பேசினான்” என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். காத்திருக்காதீர்கள். சந்தேகம் வந்த அன்றே பரிசோதியுங்கள். காதுக்கருவி, அறுவை சிகிச்சை, சைகைமொழி, எந்த வழியானாலும் பிள்ளைக்கு ஒரு மொழி சீக்கிரம் கிடைக்க வேண்டும். சைகை கற்றால் பேச்சு வராது என்று பயந்து பிள்ளையின் கையைக் கட்டிப்போட வேண்டாம். நீங்களும் கற்றுக்கொள்ளுங்கள்.

இந்தப் பயத்தில் திருச்சபையில் இருந்தவர்களுக்கும் பங்கு உண்டு. 18ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரில் லெப்பே என்ற குருவானவர் காது கேளாதோரிடமே சைகை கற்று, ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசமாகப் பள்ளி நடத்தினார். 1880இல் மிலான் நகரில் கூடிய ஆசிரியர் மாநாடோ வாய்ப்பேச்சே சிறந்தது என்று தீர்மானித்தது. அதன்பின் பல நாடுகளின் வகுப்பறைகளிலிருந்து சைகை விரட்டப்பட்டது. அந்த மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவரும் ஒரு குருவானவரே. நல்ல மனத்தோடும் தவறு செய்யலாம். எங்களுக்கு அது தெரியும்.

பங்கு மக்களே, கூட்டிக்கொண்டு வந்தவர்கள் ஒருவர் அல்ல, பலர். அந்தத் தாய் ஒரு வருடம் தனியாக அலைந்தார். சான்றிதழுக்காகத் தையல் வேலையை விட்டுவிட்டு எத்தனை நாள் மருத்துவமனை வாசலில் நின்றார் என்று நாங்கள் பிறகுதான் கேட்டுத் தெரிந்துகொண்டோம். அவரோடு அன்பியத்திலிருந்து ஒருவர்கூடப் போகவில்லை. உங்கள் அன்பியத்தில் அப்படி ஒரு குடும்பம் இருந்தால், பரிதாபப்படுவதோடு நிறுத்தாதீர்கள். விண்ணப்பம் எழுதிக் கொடுங்கள், அலுவலகத்துக்கு உடன் போங்கள். மறைக்கல்வி வகுப்பில் அந்தப் பிள்ளையைக் கடைசி வரிசையில் சும்மா உட்கார வைக்காதீர்கள்.

அந்தப் பையன் இப்போது ஆறாம் வகுப்பு. அற்புதம் எதுவும் நடக்கவில்லை. காது இன்றும் கேட்பதில்லை, தமிழில் எழுதத் தடுமாறுகிறான், கணக்கில் கெட்டிக்காரன். புதுநன்மைக்கு முன் அவனிடம் ஒப்புரவு கேட்க வேண்டியிருந்ததால் நாங்கள் அவனிடமே கொஞ்சம் சைகை கற்றோம். நாங்கள் தப்பாகச் செய்தால் சிரிப்பான், எங்கள் விரலைப் பிடித்துத் திருத்துவான். எங்களுக்கு “எப்பத்தா” சொன்னவன் அவன்தான்.

திறக்கப்பட வேண்டியது யாருடைய காது என்று இந்த வாரம் செபத்தில் கேட்டுப் பார்ப்போம். எல்லாம் வல்ல இறைவன், தந்தை, மகன், தூய ஆவியார் உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.