கல்லூரியும் மாறட்டும்



1799-ல் வெள்ளையன் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட இந்தக் கயத்தாற்றிலிருந்து, காலை பஸ்ஸில் திருநெல்வேலிக்கும் கோவில்பட்டிக்கும் படிக்கப் போகிற பிள்ளைகளைப் பார்க்கிறோம். கரிசல் காட்டுக் கூலிகளின் பிள்ளைகள். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். பன்னிரண்டு வருஷம் தமிழில் படித்தவன் முன்னால் முதல் நாளே இங்கிலீஷ் பாடம். விளங்காமல் விழித்தால் 'மக்கு' என்கிறார்கள். இரண்டாம் வருஷம் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டவர்களை நாம் அறிவோம். யார் குற்றம்?

தாய்மொழியே சர்வகலாசாலையிலும் போதனா மொழியாக வேண்டுமென்று கோத்தாரி கமிஷன் 1966-லேயே சிபாரிசு செய்தது. அண்ணா பல்கலைக்கழகம் சிவில், மெக்கானிக்கல் படிப்புகளைத் தமிழில் தொடங்கியதோ 2010-ல்! நாற்பத்து நான்கு வருஷம்!

2022-ல் மாநில சர்க்கார் 'நான் முதல்வன்' திறன் பயிற்சியும், அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாயும் கொண்டுவந்தது. வரவேற்கிறோம். ஆனால் முதலாளி கேட்கிற திறன் மட்டும்தான் திறனா? கயத்தாற்றிலேயே காற்றாலை சோதனை நிலையம் இருக்கிறது. அந்த யந்திரத்தை நம் பிள்ளை தமிழில் கற்கக் கூடாதா?

முதல் வருஷத்தில் இரு மொழியிலும் விளக்கம், மாலையில் தனி வகுப்பு. அதுவும் பஸ் போகுமுன் முடிய வேண்டும். பஸ்ஸை மறந்து போட்ட வகுப்பு யாருக்கு?

ஞாயிறன்று மனு எழுதுகிறோம். பாடம் விளங்காத பிள்ளைகள் வெட்கப்படாமல் வரட்டும்.